இரும்பைப் பிரித்தெடுக்கும் காற்று: சுங்கை பத்து முதல் பிறை வரை

மாணவர்களே, படிவம் 3 அறிவியல் பாடத்தில் ‘ரெலாவ் பகாஸ்’ படத்தைப் பார்த்திருப்பீர்கள். கோபுரம் போல் உயர்ந்த உலை. அதன் மேல்வாயில் இரும்புத் தாது, கல்கரி, சுண்ணாம்புக்கல் ஆகிய மூன்றையும் கொட்டுகிறார்கள். அடியில் உருகிய இரும்பு ஒரு வழியாகவும் கசடு இன்னொரு வழியாகவும் வெளியேறுகின்றன. தேர்வுக்காக இவற்றை எல்லாம் குறித்து மனனம் செய்துவிடுகிறோம். ஆனால் அந்தப் படத்தில் நாம் அதிகம் கவனிக்காத ஒரு சிறிய அம்புக்குறி இருக்கிறது. உலையின் கீழ்ப்பகுதியில், பக்கவாட்டில், ‘சூடான காற்று’ என்று போட்டிருக்கும்.

உலைக்குப் பெயர் கொடுத்ததே அந்த அம்புக்குறிதான். தமிழில் இதை ‘ஊதுலை’ என்கிறோம். ஆங்கிலத்தில் ‘பிளாஸ்ட்’ என்ற சொல் வருவதால் சிலர் ஏதோ வெடிக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். கல்லுடைக்கும் குவாரியில் வெடிமருந்து வைத்துப் பாறையைத் தகர்ப்பதற்கும் அதே சொல்தான். ஆனால் இரும்பு உலையில் வெடி எதுவும் இல்லை. இங்கே அச்சொல் விசையோடு ஊதப்படும் காற்றைக் குறிக்கிறது. இரும்பின் கதையில் பாதி, இந்தக் காற்றை மனிதன் எப்படி ஊதினான் என்பதுதான். அந்தக் கதையின் சில முக்கியமான பக்கங்கள் நம் வடக்குப் பகுதியிலேயே இருக்கின்றன.

மலையடியில் களிமண் குழாய்கள்

குருணில் இருப்பவர்களுக்கு ஜெராய் மலை தினமும் கண்ணில் படும் மலை. குருணிலிருந்து தெற்கே பீடோங் சென்று, மெர்போக் போகும் சாலையில் திரும்பினால் சுங்கை பத்து வரும். பூஜாங் பள்ளத்தாக்கின் ஒரு பகுதி அது. சோழர் கல்வெட்டுகள் ‘கடாரம்’ என்று குறிப்பிடும் நாடு இந்த வட்டாரம்தான் என்பது பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் கருத்து.

செம்பனை மரங்களுக்கு இடையே இருந்த மண்மேடுகளை மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் குழு 2009 முதல் அகழ்ந்தது. பேராசிரியர் மொக்தார் சைடின் அக்குழுவை வழிநடத்தினார். மண்ணுக்கு அடியில் செங்கல் கட்டடங்களின் அடித்தளங்களும் படகுத்துறை என்று கருதப்படும் அமைப்புகளும் கிடைத்தன. இரும்பு உருவாக்கிய இடங்களும் தெரிய வந்தன. அங்கே உடைந்த உலைகள், இரும்புத் தாதுத் துண்டுகள், கசடு ஆகியவற்றோடு ஆயிரக்கணக்கில் களிமண் குழாய்களும் இருந்தன.

அந்தக் களிமண் குழாய் என்ன செய்யும்? உங்கள் பாட்டி காலத்து விறகடுப்பின் அருகே ஊதாங்குழல் ஒன்று இருந்திருக்கும். அதன் பெரிய வடிவம்தான் இது. துருத்தியிலிருந்து வரும் காற்றை உலையின் நடுப்பகுதிக்குக் கொண்டுசெல்ல, சுடுமண்ணால் செய்த குழாயை உலைச் சுவரில் செருகி வைப்பார்கள். உள்ளே இருக்கும் முனை வெப்பத்தில் உருகிக் கெட்டுவிடும். அதனால் அடிக்கடி புதுக் குழாய் தேவைப்பட்டது. ஆயிரக்கணக்கான குழாய்கள் ஓரிடத்தில் குவிந்திருந்தால், அங்கே ஒன்றிரண்டு கொல்லர்கள் தங்கள் தேவைக்கு மட்டும் வேலை செய்யவில்லை என்று புரிந்துகொள்ளலாம். அது பெரிய அளவில் நடந்த தொழில்.

இந்தத் தொழில் எப்போது தொடங்கியது? கி.பி. முதல் நூற்றாண்டுகளைக் குறிக்கும் தேதிகளோடு, கி.மு. காலத்துக்குச் செல்லும் தேதிகளையும் ஆய்வுக் குழு அறிவித்திருக்கிறது. மிகப் பழைய தேதிகளை எல்லா ஆய்வாளர்களும் ஏற்கவில்லை. இத்தகைய விவாதம் எழுவதற்கு அறிவியல் காரணங்கள் உண்டு. கரித்துண்டை வைத்துக் காலம் கணிக்கும்போது, அந்த மரத்தின் திசு வளர்ந்த காலம்தான் தெரியும். உலை எரிந்த காலம் நேராகத் தெரியாது. வயதான மரத்தின் உள்பகுதியை எரித்திருந்தால் தேதி உண்மையைவிடப் பழையதாகக் காட்டும். அதனால்தான் ஒரே இடத்திலிருந்து பல மாதிரிகளை எடுத்து, பல முறைகளில் சோதிக்கிறார்கள்.

காற்று உள்ளே என்ன செய்கிறது?

சாத்தே கடைக்காரர் விசிறும்போது கரி சிவந்து கனல்வதைப் பார்த்திருப்பீர்கள். காற்று அதிகமானால் ஆக்சிஜன் அதிகமாகும். கரி வேகமாக எரிந்து வெப்பம் கூடும். உலையில் காற்று செய்யும் முதல் வேலை இதுதான்.

இரண்டாவது வேலை இதைவிட முக்கியமானது. இரும்புத் தாது என்பது இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த சேர்மம். அதை எவ்வளவு சூடாக்கினாலும் சாதாரண அடுப்பில் இரும்பு கிடைக்காது. அந்த ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ள வேறொரு பொருள் வேண்டும். மூன்று படிகளில் அது நடக்கிறது.

முதல் படி: கார்பன் + ஆக்சிஜன் → கார்பன் டைஆக்சைடு. குழாயின் வாய் அருகே இது நடந்து பெரும் வெப்பம் வெளியாகிறது.

இரண்டாம் படி: கார்பன் டைஆக்சைடு + கார்பன் → கார்பன் மோனாக்சைடு. மேலே எழும் வாயு, கனலும் கரியைக் கடக்கும்போது இது நடக்கிறது.

மூன்றாம் படி: இரும்பு ஆக்சைடு + கார்பன் மோனாக்சைடு → இரும்பு + கார்பன் டைஆக்சைடு.

ஆக, தாதிலிருந்து இரும்பைப் பிரித்தெடுப்பதில் பெரும்பங்கு கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவுடையது. வாயு என்பதால் அது தாதின் நுண்ணிய துளைகளுக்குள்ளும் புகுந்து ஆக்சிஜனைப் பறிக்கிறது. உலோகங்களின் வினைத்திறன் வரிசையில் கார்பன் எங்கே இருக்கிறது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். அலுமினியத்துக்குக் கீழே, இரும்புக்கு மேலே. அதனால் இரும்பிடமிருந்து ஆக்சிஜனைக் கார்பனால் பறிக்க முடிகிறது. அலுமினியத்திடம் அது எடுபடுவதில்லை. பழங்காலத்தவரிடம் இரும்பு இருந்ததற்கும் அலுமினியம் இல்லாததற்கும் இதுவே காரணம்.

இடையில் ஓர் எச்சரிக்கை. உலையில் நமக்கு உதவும் கார்பன் மோனாக்சைடு வீட்டில் உயிரைக் குடிக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மழை நாளில் கரியடுப்பை வீட்டுக்குள் கொண்டுவந்து கதவைச் சாத்திவிட்டு ஒருபோதும் சுடாதீர்கள்.

உருகாத இரும்பு, உருகிய கசடு

தூய இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியஸ் வேண்டும். துருத்தியால் ஊதிய சிறிய களிமண் உலைகளில் பெரும்பாலும் 1,200 டிகிரியை ஒட்டிய வெப்பமே கிடைத்தது. அப்படியானால் இரும்பு எப்படிக் கிடைத்தது?

இரும்பு உருகவே இல்லை. ஆக்சிஜனை மட்டும் இழந்து, திடநிலையிலேயே சிறு துகள்களாகச் சேர்ந்து, கடற்பஞ்சு போன்ற கட்டியாகத் திரண்டது. உருகியது கசடுதான். தாதோடு வந்த மணல், அதாவது சிலிக்கா, ஒரு பகுதி இரும்பு ஆக்சைடோடு சேர்ந்து இரும்பு சிலிக்கேட் ஆகிறது. அது 1,200 டிகிரியை ஒட்டியே உருகி வழிந்துவிடும். மிஞ்சும் கட்டியைக் கொல்லர்கள் சூட்டோடு சம்மட்டியால் அடித்து, உள்ளே தங்கிய கசடைப் பிதுக்கி வெளியேற்றி, நல்ல இரும்பாக்கினார்கள்.

இந்த முறையில் ஓர் இழப்பு உண்டு. மணலைப் போக்குவதற்கு இரும்பையே செலவிட வேண்டியிருந்தது. இந்த முறையில் வந்த பழைய கசடைக் கையில் எடுத்தால் கனமாக இருப்பது அதனால்தான். பாடநூல் உலையில் சுண்ணாம்புக்கல் ஏன் சேர்க்கப்படுகிறது என்ற கேள்விக்கும் விடை இங்கே இருக்கிறது. சுண்ணாம்பு இருந்தால் மணல் இரும்பை விட்டுவிட்டுக் கால்சியத்தோடு சேர்ந்துவிடும். இரும்பு மிச்சமாகும்.

துருத்தி பெரிதான கதை

காற்றை இன்னும் விசையாக ஊதி, உலையை இன்னும் உயரமாகக் கட்டினால் வேறொன்று நடக்கிறது. கரியோடு நீண்ட நேரம் இருக்கும் இரும்பு கார்பனை உள்வாங்கிக்கொள்கிறது. 4 விழுக்காட்டுக்குச் சற்று மேல் கார்பன் சேர்ந்த இரும்பு 1,150 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். உப்பு கலந்தால் பனிக்கட்டி தன் உருகுநிலைக்குக் கீழேயே உருகுவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது இரும்பு திரவமாக ஓடுகிறது. உலையை உடைத்துக் கட்டியை எடுக்க வேண்டியதில்லை. மேலே கொட்டிக்கொண்டே இருக்கலாம், கீழே வடித்துக்கொண்டே இருக்கலாம். இதுதான் ஊதுலை.

இதில் சீனர்களே முன்னோடிகள். கி.பி. 31இல் டூ ஷி என்ற அதிகாரி ஆற்று நீரின் விசையால் துருத்தியை இயக்கும் அமைப்பை உருவாக்கினார். இங்கிலாந்தில் 1709இல் ஆபிரகாம் டார்பி மரக்கரிக்குப் பதிலாகக் கல்கரியைப் பயன்படுத்திக் காட்டினார். மரக்கரி எளிதில் நொறுங்கும்; உயரமான உலையில் மேலிருக்கும் தாதின் எடையைத் தாங்காது. நொறுங்கிய தூள் காற்றின் வழியை அடைத்துவிடும். கல்கரி அந்த எடையைத் தாங்கியதால் உலைகள் வளர்ந்தன. 1828இல் ஜேம்ஸ் நீல்சன், உலைக்குள் போகும் காற்றை முன்கூட்டியே சூடாக்கினால் எரிபொருள் பெருமளவு மிச்சமாகும் என்று கண்டறிந்தார். பாடநூலில் அது வெறும் ‘காற்று’ என்று இல்லாமல் ‘சூடான காற்று’ என்று இருப்பதன் காரணம் இதுதான்.

இன்றைய ஊதுலையில் ஒரு டன் இரும்புக்கு ஏறத்தாழ 1.6 டன் தாது போகிறது. காற்றும் ஏறத்தாழ ஒன்றரை டன் போகிறது. காற்றுக்கு எடை உண்டு என்பதை இதைவிடத் தெளிவாக எது சொல்லும்?

பால்மரம் எரிந்த ஊதுலை

மலாயாவில் நவீன ஊதுலை முதலில் எங்கே வந்தது தெரியுமா? நமக்கு அருகில், பிறையில். ஜப்பானின் யவாத்தா இரும்பு நிறுவனத்தோடு கூட்டாகத் தொடங்கப்பட்ட அந்த ஆலைக்கு ‘மலாயவாத்தா’ என்று பெயர். மலாயாவையும் யவாத்தாவையும் சேர்த்தால் வரும் பெயர். 1967இல் அங்கே உற்பத்தி தொடங்கியது.

அந்த ஆலைக்கு ஒரு சிக்கல் இருந்தது. ஊதுலைக்கு ஏற்ற கல்கரியைத் தரும் நிலக்கரி நம் நாட்டில் கிடைக்கவில்லை. ஆனால் வேறொன்று ஏராளமாகக் கிடைத்தது: பால்மரம். ரப்பர் மரம் 25, 30 ஆண்டுகள் பால் தந்த பிறகு மறுநடவுக்காக வெட்டப்படும். அந்த மரத்தைச் சூளையில் கரியாக்கி, அந்தக் கரியைக் கொண்டு பிறை ஊதுலையை இயக்கினார்கள். உங்கள் தாத்தா பாட்டி பால் வெட்டிய காலத்தில், வயதாகி வெட்டப்பட்ட இத்தகைய மரங்கள் கரியாகி, தாதிலிருந்து ஆக்சிஜனைப் பறித்து, கட்டடங்களுக்கான கம்பியாக மாறின.

மரக்கரியை நம்பிய ஆலைகளுக்கு இது எப்போதும் எளிதாக அமைந்ததில்லை. தமிழ்நாட்டின் பரங்கிப்பேட்டையில் 1830இல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் ஓர் இரும்பாலை தொடங்கினார். சேலத்துத் தாது அங்கே வந்தது. எரிபொருள் மரக்கரி. சுற்றுவட்டாரக் காடுகள் வெட்டப்பட்டுக் குறையக் குறைய, கரியை மேலும் மேலும் தொலைவிலிருந்து கொண்டுவர வேண்டியதாயிற்று. ஆலை நிலைக்காமல் போனதற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம். பிறையின் நிலை வேறு. அங்கே எரிந்தது காட்டு மரம் அல்ல. எப்படியும் வெட்டப்பட இருந்த தோட்டத்து மரம். அது நின்ற இடத்தில் புதுக் கன்று நடப்படும்.

ஒரு வகுப்பறைக் கணக்கு

இப்போது பென்சிலை எடுங்கள். ஹேமடைட் என்ற இரும்புத் தாதில் 2 இரும்பு அணுக்களும் 3 ஆக்சிஜன் அணுக்களும் இருக்கின்றன. இரும்பின் அணு நிறை 56, ஆக்சிஜன் 16, கார்பன் 12.

இரும்பு: 2 × 56 = 112. ஆக்சிஜன்: 3 × 16 = 48. மொத்தம் 160. ஆகவே தூய ஹேமடைட்டில் 70 விழுக்காடு இரும்பு.

இந்த 3 ஆக்சிஜன் அணுக்களைப் பறிக்க 3 கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகள் வேண்டும். அவை 3 கார்பன் டைஆக்சைடு மூலக்கூறுகளாக வெளியேறும்: 3 × 44 = 132. அதாவது 112 கிராம் இரும்புக்கு 132 கிராம் கார்பன் டைஆக்சைடு. ஒரு டன் இரும்புக்கு ஏறத்தாழ 1.18 டன்!

இந்த எண்ணைச் சற்று யோசித்துப் பாருங்கள். ஆலை எவ்வளவு சிக்கனமாக இயங்கினாலும், கார்பனைக் கொண்டு ஆக்சிஜனைப் பறிக்கும் வரை, இந்த அளவு வாயு வந்தே தீரும். வெப்பத்துக்கு எரிப்பதையும் சேர்த்தால், ஊதுலை வழியில் ஒரு டன் எஃகுக்கு 2 டன்னுக்கு மேல் கார்பன் டைஆக்சைடு வெளியாகிறது. உலகில் மனிதர் வெளியிடும் கார்பன் டைஆக்சைடில் ஏறத்தாழ 7 விழுக்காடு இரும்பு, எஃகுத் தொழிலிலிருந்து வருகிறது.

பால்மரக் கரிக்கும் இதே கணக்குதான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அந்தக் கார்பனை மரம் தன் வாழ்நாளில் காற்றிலிருந்து எடுத்தது. வெட்டிய இடத்தில் மீண்டும் நட்டால் புதுமரம் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். நிலக்கரியின் கார்பனோ கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் இருந்தது. பிரேசிலில் இன்றும் யூக்கலிப்டஸ் கரியால் இயங்கும் ஊதுலைகள் உள்ளன. ஆனால் உலகத்துக்கு வேண்டிய எஃகு முழுவதற்கும் மரம் வளர்க்க நிலம் போதாது.

திரும்பவும் உருகாத இரும்புக்கு

வேறு வழி இருக்கிறதா? வினைத்திறன் வரிசையை மீண்டும் பாருங்கள். இரும்புக்குச் சற்று மேலே ஹைட்ரஜன் இருக்கிறது. அப்படியானால் அதுவும் இரும்பிடமிருந்து ஆக்சிஜனைப் பறிக்க முடியும் அல்லவா?

இரும்பு ஆக்சைடு + ஹைட்ரஜன் → இரும்பு + நீர்.

வெளியேறுவது நீராவி. சுவீடன் நாட்டின் லூலியோ நகரில் 2021இல் ஒரு முன்னோடி ஆலை ஹைட்ரஜனால் இப்படி இரும்பு செய்து காட்டியது. இந்த முறையில் இரும்பு உலைக்குள் உருகுவதில்லை. திடநிலையிலேயே ஆக்சிஜனை இழந்து, துளைகள் நிறைந்த இரும்பாக வெளிவருகிறது. அதைப் ‘பஞ்சு இரும்பு’ என்றே அழைக்கிறார்கள். சுங்கை பத்தில் களிமண் உலையில் கிடைத்த கட்டியும் திடநிலையில் பிறந்த பஞ்சு இரும்புதானே?

இதற்கு முந்தைய படியையும் நம் நாடு கண்டிருக்கிறது. 1980களில் தெரெங்கானுவின் கெமாமானில் பெர்வாஜா உருக்காலை இயற்கை வாயுவைக் கொண்டு பஞ்சு இரும்பு செய்யும் வழியைத் தேர்ந்தெடுத்தது. அதே நிறுவனத்தின் ஆலை ஒன்று பின்னர் குருணிலும் இருந்தது.

ஹைட்ரஜன் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். குருண் உர ஆலையில் அம்மோனியா செய்யத் தேவையான ஹைட்ரஜன் இயற்கை வாயுவிலிருந்து எடுக்கப்படுகிறது. அப்போதும் கார்பன் டைஆக்சைடு உருவாகிறது. சூரிய மின்சாரத்தாலோ நீர் மின்சாரத்தாலோ நீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்தால்தான் கணக்கு உண்மையில் மாறும். அதன் விலையைக் குறைப்பது உங்கள் தலைமுறைப் பொறியாளர்களுக்குக் காத்திருக்கும் வேலை.

காலடியில் கிடக்கும் சான்று

சுங்கை பத்துக் கொல்லர்கள் எழுதி வைத்த குறிப்பு எதுவும் நம்மிடம் இல்லை. அவர்கள் எவ்வளவு சூடாக்கினார்கள், எந்தத் தாதை எடுத்தார்கள், எந்த மரத்தை எரித்தார்கள் என்பவற்றையெல்லாம் கசடும் குழாய்த் துண்டும் கரித்தூளும்தான் சொல்கின்றன. அதுவும் அவை கிடந்த இடத்திலேயே, கிடந்த ஆழத்திலேயே இருந்தால்தான் சொல்லும். இடம் பெயர்ந்துவிட்டால் கசடு வெறும் கருப்புக் கல்.

பூஜாங் பள்ளத்தாக்கின் பல இடங்கள் தோட்ட நிலங்களுக்குள் இருக்கின்றன. ‘சண்டி 11’ என்று பதிவு செய்யப்பட்டிருந்த பழைய கோயிலின் எச்சம், நிலத்தைச் சீர்செய்தபோது இடித்துத் தள்ளப்பட்ட செய்தி 2013இன் இறுதியில் வெளிவந்தது. 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் இருந்தும் அது நடந்தது. அங்கே என்ன இருக்கிறது என்பதை அக்கம்பக்கத்து மக்கள் அறிந்திருப்பது சட்டத்துக்கும் பெரிய துணை.

ஆகவே தோட்டத்திலோ ஆற்றோரத்திலோ வழக்கத்துக்கு மாறாகக் கனமான, குமிழித் துளைகள் உள்ள, கூழ் வழிந்து உறைந்தது போன்ற கருங்கல்லைக் கண்டால் வீட்டுக்கு எடுத்துவராதீர்கள். தோட்டச் சாலையில் கொட்டும் செம்மண் கல்லுக்கு அந்த வழிந்த தடம் இருக்காது. இருக்கும் இடத்திலேயே படம் எடுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வையுங்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு உங்கள் ஆசிரியரிடமோ மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்லியல் அரும்பொருளகத்திலோ தெரிவியுங்கள்.

செய்து பாருங்கள்

1. மேக்னடைட் என்ற தாதில் 3 இரும்பு அணுக்களும் 4 ஆக்சிஜன் அணுக்களும் உள்ளன. அதில் இரும்பு எத்தனை விழுக்காடு? ஹேமடைட்டைவிடக் கூடுதலா, குறைவா?

2. ஹேமடைட்டிலிருந்து ஒரு டன் இரும்பை ஹைட்ரஜனால் பிரித்தெடுத்தால் எத்தனை கிலோகிராம் நீர் உருவாகும்? ஹைட்ரஜனின் அணு நிறை 1.

3. துத்தநாகத்தை அதன் ஆக்சைடிலிருந்து கரியால் பிரிக்க முடியுமா? வினைத்திறன் வரிசையைப் பார்த்துக் காரணம் எழுதுங்கள்.